நீர் வற்றிய சூடு

ஈய லம்பத் தொழிலாளர் நிறைந்திருந்த பேராக் மாநிலத்துக் கோப்பேங்கில், 1879-இல் யூ கோங் என்பவர் 'யான் சாங்' என்னும் சீன மருந்துக்கடையைத் திறந்தார். இத்தகைய கடைகளில் இன்றும் பேசப்படும் 'யின் குறைவு' என்னும் கொள்கை மிகப் பழையது.

யின் என்பது உடலின் ஈரத்தைக் காக்கும் குளிர்மை. யாங் என்பது வெம்மை. அடுப்பில் தீ மிகுவதும் உலையில் நீர் வற்றுவதும் ஒன்றல்ல. நீர் வற்றிய சூட்டில் நா வறளும். உள்ளங்கையும் உள்ளங்காலும் எரியும். இரவில் வியர்க்கும் என்பர்.

இதனை வலியுறுத்தியவர் சூ தான்சி (1281–1358). வெம்மையும் வறட்சியும் தரும் மருந்துகளை எல்லார்க்கும் கொடுத்த அக்கால வழக்கத்தை அவர் கண்டித்தார். 1347-இல் எழுதிய நூலில், தானியமும் காய்கறியுமான எளிய உணவைப் போற்றினார்.

அவ்வழியில் சீனர் மிளகாய், இஞ்சி, எண்ணெயிற் பொரித்தவை, மது ஆகியவற்றைக் குறைப்பர், பேரிக்காயும் வெள்ளைக் காளானும் வேகவைத்த இனிப்புநீரைப் பருகுவர், காலத்தே உறங்குவர். தமிழர் எண்ணெய் முழுக்காலும் மோராலும் சூட்டைத் தணிப்பர். ஆயினும், தமிழர் பேச்சில் 'சூடு' என ஒன்றாய் நிற்பதைச் சீனர் இரண்டாகப் பகுத்தனர்: ஒன்றைத் தணிக்க வேண்டும், மற்றொன்றுக்கு ஈரம் ஊட்ட வேண்டும்.

இரவு வியர்வை காசநோய்க்கும் அறிகுறியாதலின், அது நீடித்தால் உணவை மட்டும் நம்பாது மருத்துவமனையை நாடுதலே அறிவுடைமை.