மாண்ட வீரரின் பதக்கங்கள்

1914 முதல் 1918 வரை நிகழ்ந்த மகாயுத்தத்தில் உயிர்நீத்த பிரிட்டிஷ் சாம்ராஜ்யப் போர்வீரர்களின் குடும்பத்தாருக்கு, நம் தேசத்துச் சிப்பாய்களின் குடும்பத்தார் உட்பட, வெண்கல நினைவுத் தகடு அளிக்கப்பட்டது. அதில் மாண்டவர் பெயரன்றிப் பதவி காணப்படாது. தளபதியாயினும் சிப்பாயாயினும் தியாகம் ஒன்றே என்பது கருத்து.

ஆயின் ஒரே பெயருடையார் பலர். அவருள் இவர் யாவர் என்பதை, எண்ணும் பெயரும் படைப்பிரிவும் விளிம்பிற் பொறிக்கப்பெற்ற வெள்ளி யுத்தப் பதக்கமே உரைக்கும். அந்தோ! அத்தகைய பதக்கங்கள் பல, வெள்ளியின் விலைக்காக உருக்கப்பட்டன.

ஆதலின், சேகரிப்போர் தகட்டையும் பதக்கத்தையும் பிரித்தலாகாது. பளபளப்பு வேண்டி விளிம்பைத் தேய்த்தலும் ஆகாது. எழுத்து மறையின் வீரன் மீண்டும் மாண்டவனாவான்.

அன்பர்காள்! நம் இல்லத்துப் பழம்பெட்டிகளிலும் இத்தகையன கிடத்தல் கூடும். விற்குமுன் விளிம்பை வாசித்துப் பார்ப்பீர்களாக.