கப்பா எழுத்தின் வழித்தடம்

அழற்சியை ஆராய்பவர்கள் வாயில் ஓயாமல் அடிபடும் பெயர் என்எஃப்-கப்பா-பி. பலரும் இதை விரிப்பது இப்படி: பி செல்களில், கப்பா சங்கிலி மரபணுவின் முடுக்கிப் பகுதியைப் பற்றும் உட்கருக் காரணி. காய்ச்சல், வீக்கம், கிருமி எதுவும் இதில் இல்லை. பெயர் வைத்தவர்கள் அழற்சியைத் தேடிப் போகவில்லை என்பதே காரணம்.

1986-இல் எம்.ஐ.டி.யைச் சார்ந்த வைட்ஹெட் நிறுவனத்தில் ரஞ்சன் சென், டேவிட் பால்டிமோர் இருவரும் கேட்ட கேள்வி வேறு: எதிர்ப்பொருளின் கப்பா சங்கிலிக்கான மரபணுவை பி செல் எப்படி முடுக்குகிறது? உட்கருவிலிருந்து வடித்த சாற்றில், அந்த மரபணுவின் முடுக்கிப் பகுதியைப் பற்றும் புரதம் ஒன்று அகப்பட்டது. கிடைத்த இடமும் பற்றிய இடமும் சேர்ந்து பெயராயின.

கப்பாவின் கதை இன்னும் பழையது. 1840-களில் லண்டன் மருத்துவர் ஹென்றி பென்ஸ் ஜோன்ஸ், எலும்பு மெலிந்த நோயாளி ஒருவரின் சிறுநீரில் விசித்திரமான புரதத்தைக் கண்டார்; சூடேறும்போது திரிந்தது, கொதித்ததும் கரைந்தது. அது எதிர்ப்பொருளின் இலகு சங்கிலி என்று பின்னாளில் தெளிவானது. அதில் இரு வகை உண்டென்று 1956-இல் காட்டியவர்கள் லியோன்ஹார்ட் கோர்ன்கோல்டும் ரோஸ் லிப்பாரியும். அவர்கள் பெயர்களின் முதல் எழுத்துகளே கிரேக்க உருவில் கப்பாவும் லாம்டாவும் ஆயின. ஆகவே கோர்ன்கோல்டின் 'க' இன்று உலகெங்கும் அழற்சி ஆய்வுகளில் ஒலிக்கிறது. லிப்பாரியின் 'ல' இலகு சங்கிலியோடு நின்றுவிட்டது. எனக்கு இது வருத்தமே.

என்எஃப்-கப்பா-பி என்ற பெயர், வைத்த அதே ஆண்டிலேயே பொருந்தாமல் போனது. டி செல்லிலும், கருப்பைவாய்ப் புற்றிலிருந்து வந்த ஹீலா செல்லிலும்கூட, தூண்டினால் அந்தப் புரதம் தலைகாட்டியது. பாக்டீரியாவின் உறைக்கொழுப்பு பட்ட முன்-பி செல்களில், புதிய புரதம் உருவாவதைத் தடுத்த பிறகும் அது தோன்றியது. அப்படியென்றால் அது முன்பே உருவாகி எங்கோ அடைபட்டுக் கிடந்திருக்க வேண்டும். 1988-இல் பாட்ரிக் போயர்லேயும் பால்டிமோரும் இருப்பிடத்தைக் காட்டினார்கள்: உட்கருவுக்கு வெளியே, சைட்டோபிளாசத்தில், இன்னொரு புரதத்தின் பிடியில். பிடித்து வைத்திருந்ததற்கு ஐ-கப்பா-பி என்று பெயர்; முன்னால் நிற்கும் 'ஐ' தடுப்பானைக் குறிக்கிறது. இந்தக் குடும்பத்தில் வேலையைச் சரியாகச் சொல்லும் பெயர் இதுதான்.

அந்தப் பிடி தளர்வது இப்படி: கிருமியின் கூறு, அதை உணரும் டோல் வகை ஏற்பியில் பட்டதும் ஐகேகே என்ற நொதி விழித்து, தடுப்பானில் பாஸ்பேட்டைப் பதிக்கிறது. அந்தக் குறி விழுந்த தடுப்பானில் யுபிக்விட்டின் என்ற சிறு புரதம் கோக்கப்படுகிறது. செல்லின் புரதச் சிதைப்பு இயந்திரமான புரோட்டியசோம் அந்தத் தடுப்பானைச் சிதைக்கிறது. விடுபட்ட என்எஃப்-கப்பா-பி உட்கருவுக்குள் புகுந்து, டிஎன்எஃப், இன்டர்லியூக்கின்-6 போன்ற அழற்சித் தூதுகளின் மரபணுக்களை எழுப்புகிறது. அதே வீச்சில் தன்னை அடைத்து வைத்த தடுப்பானின் மரபணுவையும் எழுப்பிவிடுகிறது! புதிதாகப் பிறந்த தடுப்பான் உட்கருவுக்குள்ளேயே சென்று, டிஎன்ஏவிலிருந்து அதைப் பிரித்து வெளியே கொண்டுவருகிறது. அழற்சியை மூட்டும் கட்டளைக்குள்ளேயே அதை அடக்கும் கட்டளையும் எழுதியிருப்பது இந்த ஒழுங்கின் பேரழகு.

அப்படி எழும் இன்னொரு மரபணு ஏ20. இதன் புரதம் மேலே, சமிக்ஞை புறப்படும் இடத்திலேயே கைவைத்து, யுபிக்விட்டின் வழிச் செய்தியைத் தணிக்கிறது. ஏ20 இல்லாமல் பிறக்கும் எலிகள் உடலெங்கும் மூளும் அழற்சியால் இளம்பருவத்திலேயே இறந்துவிடுகின்றன.