கொல்லை அடுப்பிலிருந்து கீசர் வரை

வாலிகண்டபுரத்தின் பெயர் சரித்திரப் புத்தகங்களில் இரண்டு மூன்று இடங்களில் வரும். பீஜப்பூர் சுல்தானுக்காக இங்கிருந்து அதிகாரம் செய்த ஷேர்கான் லோடிதான் 1673-ல் பிரெஞ்சுக்காரர்களுக்குப் புதுச்சேரியில் இடம் கொடுத்தவர். 1751-ல் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் ஆளுக்கொரு நவாபை முன்னால் நிறுத்திக்கொண்டு இந்தப் பக்கத்தில் மோதினார்கள். இவ்வளவும் எழுதியவர்கள், இந்த ஊர் ஜனங்கள் குளிக்க வெந்நீர் எப்படிப் போட்டார்கள் என்று எழுதவில்லை. போன மாதம் எங்கள் வீட்டுப் பழைய கீசரைக் கழற்றிவிட்டுப் புதியது மாட்டினோம். அதைச் சாக்கிட்டு அந்தக் கதையை நானே எழுதிவைக்கிறேன்.

எங்கள் தலைமுறைக்கு வெந்நீர் என்றால் கொல்லைப்புறம்தான். மண் அடுப்பின் மேல் செப்புத் தவலை. வெளிப்புறம் புகை ஏறிக் கறுத்திருக்கும், உள்புறம் புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று இருக்கும். நல்ல விறகெல்லாம் சமையலுக்கு. வெந்நீருக்குக் காட்டில் கிடைப்பதுதான்: பருத்திமார், சோளத்தட்டை, தென்னமட்டை, வேலிமுள். நம் கரிசல் காட்டில் பருத்திமாருக்குப் பஞ்சமில்லை. ஆனால் அது திபுதிபுவென்று எரிந்து சட்டென்று அணைந்துவிடும். ஒரு ஆள் பக்கத்திலேயே குந்தி உட்கார்ந்து உள்ளே தள்ளிக்கொண்டே இருந்தால்தான் தவலைத் தண்ணீர் சுடும்.

அந்த ஆள் யார் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அம்மா, இல்லாவிட்டால் அந்த வருஷம் வந்த மருமகள். விடிவதற்கு முன் எழுந்து, கிணற்றிலிருந்து இறைத்துச் சுமந்து, ஊற்றி, எரித்து, பிறகு ஒவ்வொருவருக்கும் விளாவிக் கொடுக்க வேண்டும். முதலில் அப்பா, அடுத்துப் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள். தீ மூட்டியவள் குளிக்கப் போகும்போது தவலையின் அடியில் வெதுவெதுப்பாகக் கொஞ்சம் கிடந்தால் உண்டு. பல நாள் அவளுக்குப் பச்சைத்தண்ணீர்தான். சனிக்கிழமை எண்ணெய்க் குளியலும் தீபாவளி விடியற்காலையும் நமக்குத் தித்திக்கிற நினைவுகள். எரிகிற கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுப்படியில் இருந்தவர்களைக் கேட்டால் வேறு மாதிரி சொல்வார்கள். பிள்ளை பெற்ற வீடாக இருந்தால் நொச்சி இலை போட்டுக் கொதிக்கவைத்த தண்ணீர் பல நாளைக்குத் தனியாக வேண்டும். அடுப்பு அணையவே அணையாது.

வசதியான வீடுகளில் அடுத்து வந்தது செம்பு பாய்லர். நடுவில் ஒரு குழாய், அதற்குள் கரி நெருப்பு, சுற்றிலும் தண்ணீர். மேலே உள்ள வாயில் ஒரு சொம்பு பச்சைத்தண்ணீர் ஊற்றினால் மூக்கு வழியாக ஒரு சொம்பு வெந்நீர் கொட்டும். ருஷ்யாவில் தேநீருக்கு வைக்கிற சமோவாரும் இதே அமைப்புதான். நம் டீக்கடை பாய்லரை அதற்குத் தம்பி என்று சொல்லலாம். நெய்வேலி பழுப்பு நிலக்கரியில் செய்த லெகோ கரி கடைக்கு வந்த பிறகு, டவுன் வீடுகளில் பாய்லருக்கு அதைப் போட்டார்கள். நெருப்பு நடுவில் இருப்பதால் சூடு வீணாகாது, எரிபொருளும் கொஞ்சம்தான். ஆனால் சாம்பல் அள்ளுகிற வேலை அதே கையில்தான் இருந்தது.

1957-ல் மின்சார வாரியம் ஏற்பட்டது. காமராசர் காலத்தில் கம்பங்கள் கிராமம் கிராமமாக நடப்பட்டன. ஆனால் கரண்ட் வந்தது விளக்குக்கும் மோட்டாருக்கும்தான். வெந்நீருக்கு அதைச் செலவழிக்கலாம் என்ற எண்ணமே ரொம்ப நாள் யாருக்கும் இல்லை. பிறகு ஹீட்டர் ராடு வந்தது. பக்கெட்டில் போட்டு சுவிட்சைத் தட்டினால் போதும், புகை இல்லை, குந்தி உட்கார வேண்டாம். ஆனால் சூடு பார்க்கிறேன் என்று சுவிட்சை அணைக்காமல் விரலை விட்டு உயிரைக் கொடுத்தவர்கள் உண்டு. எர்த் இல்லாத பழைய வயரிங்கும் இரும்பு வாளியும் சேர்ந்தால் அது எமன்.

அதன் பிறகுதான் கீசர். இந்தப் பெயர் ஐஸ்லாந்திலிருந்து வந்தது. அங்கே பூமிக்குள்ளிருந்து பீறிட்டு அடிக்கிற ஒரு வெந்நீர் ஊற்றுக்குப் பெயர் கெய்சிர். 1868-ல் லண்டனில் வீடுகளுக்கு வர்ணம் பூசிய பெஞ்சமின் வாடி மான் என்பவர், வாயு எரிந்து தண்ணீரை உடனுக்குடன் சுடவைக்கும் கருவி ஒன்றைச் செய்து அந்தப் பெயரை வைத்தார். அதில் எரிந்த புகை வெளியே போக வழியே கிடையாது. குளியலறையிலேயே தங்கும். நார்வேயிலிருந்து அமெரிக்கா போன எட்வின் ரூட் என்ற பொறியாளர்தான் 1889-ல் பிட்ஸ்பர்க்கில், தொட்டியில் தண்ணீரைத் தேக்கித் தானாகச் சூடேற்றும் ஹீட்டரைக் கொண்டுவந்தார். அமெரிக்காவில் போய் கீசர் என்றால் யாருக்கும் புரியாது. லண்டனில் பிறந்த பேரை நாம்தான் காப்பாற்றி வருகிறோம்.

கூடவே அந்தப் பழைய குறையையும் சிலர் காப்பாற்றி வருகிறார்கள். சிலிண்டரில் ஓடும் காஸ் கீசரை ஜன்னல் இல்லாத குளியலறைக்குள் மாட்டுகிறார்கள். கதவைச் சாத்திக் குளிக்கும்போது கார்பன் மோனாக்சைடு சேர்ந்தால் வாசனை கிடையாது, மூச்சும் முட்டாது. தலை சுற்றுவது தெரிவதற்குள் ஆள் விழுந்துவிடுவார். வாங்கியே ஆக வேண்டுமென்றால் கருவியைக் குளியலறைக்கு வெளியே காற்றோட்டமான இடத்தில் மாட்டி, குழாயை மட்டும் உள்ளே விடுங்கள்.

எங்கள் வீட்டுக் கீசர் கரண்டில் ஓடுவது. பதினான்கு வருஷம் உழைத்துவிட்டு, அடியில் சொட்ட ஆரம்பித்தது. கழற்றிக் கவிழ்த்தபோது உள்ளேயிருந்து வெள்ளைப் பொருக்குக் கல் அரைப் படி கொட்டியது. போர் தண்ணீர் செய்கிற வேலை இது. தண்ணீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்புச் சத்து, சூடு பட்டதும் கல்லாகப் படிந்துவிடும். அரியலூர் சிமெண்ட் ஆலைகளுக்கு லாரி லாரியாகப் போகிற சுண்ணாம்புக்கல் எதுவோ அதுவேதான் இதுவும். காயிலைச் சுற்றி அது பட்டை பிடித்தால் சூடு தண்ணீருக்கு இறங்காது, காயில்தான் வெந்து போகும். தவலைக்குள்ளும் இப்படித்தான் வெள்ளையாகப் படியும். ஆனால் அது கண்ணுக்குத் தெரியும். புளியைப் போட்டுத் தேய்த்துவிடுவார்கள்.

தொட்டி ஓட்டையானதற்குக் காரணம் வேறு. உள்ளே மெக்னீசியத்தில் ஒரு குச்சி இருக்கும். துரு முதலில் அந்தக் குச்சியைத் தின்னும், அது தீர்ந்த பிறகுதான் தொட்டியைத் தொடும். இந்த யோசனையும் பழையது. 1824-ல் ஹம்ப்ரி டேவி, பிரிட்டிஷ் போர்க்கப்பல்களின் அடியில் அடித்த செப்புத் தகட்டைக் காக்க இரும்பு, துத்தநாகத் துண்டுகளைப் பொருத்திப் பார்த்தார். செம்பு அரிக்கவில்லை. ஆனால் அரிக்காத செம்பில் கிளிஞ்சல்கள் வந்து ஒட்டிக்கொண்டதால் கடற்படை அதைக் கைவிட்டது. எங்கள் வீட்டுக் குச்சி கம்பி மாதிரி இளைத்துக் கிடந்தது. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை திறந்து பார்த்து அதை மாற்றினால் தொட்டி இன்னும் தாங்கும் என்று மாட்ட வந்த பையன் சொன்னான்.

அந்தப் பையன் நல்லவன். பழைய இடத்திலேயே மாட்டிவிட்டுப் போகாமல், பவர் பிளக்கில் எர்த் வருகிறதா என்று சோதித்தான். தண்ணீர் அழுத்தம் ஏறினால் திறந்துவிடுகிற சேஃப்டி வால்வைக் காட்டி, அதில் சொட்டுகிறதே என்று அடைத்துவிடாதீர்கள் என்றான். அடைத்து, கூடவே தெர்மோஸ்டாட்டும் பழுதாகிவிட்டால், மூடிபோட்ட தொட்டிக்குள் தண்ணீர் கொதித்துக்கொண்டே போகும். அடுப்பை ஒரு ஆள் பார்த்துக்கொண்டிருந்தாள். இங்கே அவளுக்குப் பதில் இந்த வால்வும் தெர்மோஸ்டாட்டும்தான் உட்கார்ந்திருக்கின்றன.

செலவைக் கேட்பீர்கள். 25 லிட்டரை 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குக் கொண்டுபோக ஏறக்குறைய 1 யூனிட் ஆகும், 2,000 வாட் கீசரில் அரை மணி. இரண்டு மாதத்துக்கு 60 யூனிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2016 முதல் கிடைக்கிற 100 இலவச யூனிட்டில் பாதிக்கு மேல் வெந்நீருக்கே போய்விடும். எனக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. நம் வயசுக்காரர்கள் பயப்பட வேண்டியது சூட்டுக்குத்தான். 60 டிகிரித் தண்ணீர் சில விநாடிகளிலேயே தோலைப் பொசுக்கிவிடும், வயதான தோல் மெல்லியது. பக்கெட்டில் முதலில் பச்சைத்தண்ணீரைப் பிடித்துவிட்டு, வெந்நீரைப் பிறகு விளாவிக்கொள்ளுங்கள்.

பழைய கீசரைப் பழைய இரும்புக் கடைக்காரர் எடுத்துப் போனார். காயிலில் இருந்த செம்பை மட்டும் தனியாகப் பிரித்து எடை போட்டார், மற்றதெல்லாம் இரும்பு விலை. திரும்பிப் போகும்போது கொல்லையில் கிடந்த தவலையையும் கேட்டார். என் மனைவி தரவில்லை. இரண்டு வருஷம் அதன் முன்னால் உட்கார்ந்து பருத்திமார் தள்ளியவள் அவள். இப்போது அதில் மழைத்தண்ணீர் பிடிக்கிறாள். அந்தத் தண்ணீரில் பருப்பு சீக்கிரம் வேகிறதாம்.