ஜேபொல்
சாம்சங், ஹூண்டாய் போன்ற, குடும்பப் பிடியிலுள்ள தென்கொரியத் தொழிற்கூட்டங்களை ஆங்கிலம் வழியே ‘சேபோல்’ என்கிறோம். கொரியர் வாயில் அது ‘ஜேபொல்’. அதைப் ‘பெருநிறுவனம்’ என்று பெயர்ப்பது எனக்கு உறுத்துகிறது. ‘ஜே’ செல்வம். ‘பொல்’தான் சுவையானது: அதன் சீன எழுத்துக்குள்ளேயே ஒரு வாசல் நிற்கிறது. தொண்டால் உயர்ந்த குடும்பத்தார் தம் பெருமையைப் பொறித்து வாசலில் நட்ட தூணைக் குறித்த சொல், பிறகு உயர்குடியாகி, ஆதிக்கக் கூட்டமாகவும் திரிந்தது. படைத்தலைவர் கூட்டம் ‘குன்பொல்’. ஒரே கல்லூரியில் படித்தவர்களின் கட்டு ‘ஹக்பொல்’. ஜேபொல்லின் அதே ஈரெழுத்தை ஜப்பானியர் ‘ஸைபாட்சு’ என்று படிப்பர். மிட்சுயி, மிட்சுபிஷி முதலிய அந்தக் குடும்பப் பேரரசுகளை 1945-க்குப் பின் ஜப்பானில் அமைந்த அமெரிக்க ஆக்கிரமிப்பு ஆட்சி கலைத்தது. தமிழில் வெறுமனே ‘குழுமம்’ என்றால் குடும்பத்தின் பிடி விடுபடும். ‘குடும்பத் தொழில்’ தெருமுனைக் கடைக்கும் பொருந்தும். ‘செல்வக்குடிக் குழுமம்’ என்பதே என் தேர்வு. பணமும் குலமும் அதில் சேர்ந்தே ஒலிக்கின்றன.