நகரங்களின் உறவும் அரசுகளின் பகையும்: கவென்ட்ரி – வோல்கோகிராட் உடன்பிறப்பு நகர உறவை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

இரண்டாம் உலகப்போரில் சிதைவுற்ற இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரமும் சோவியத் ஒன்றியத்தின் ஸ்டாலின்கிராட் நகரமும் 1944ஆம் ஆண்டு உடன்பிறப்பு நகரங்களாக இணைந்தன. இவ்வுறவு பனிப்போரைக் கடந்து நிலைத்து, 2022இல் இடைநிறுத்தப்பட்டது. அதன் தோற்றம், வளர்ச்சி, இடைநிறுத்தம் ஆகியவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. கொடைப்பொருள், நகராட்சி ஒப்பந்தம், குடிமக்கள் தொடர்பு என்னும் மூன்று அடுக்குகளைக் கொண்டதாக நகர உறவைக் காணவேண்டும் என்பதும், இவற்றுள் அரசியல் நெருக்கடிக்கு முதலில் ஆட்படுவது ஒப்பந்த அடுக்கே என்பதும் இக்கட்டுரையின் கருதுகோள்களாகும்.

திறவுச்சொற்கள்: உடன்பிறப்பு நகரம், கவென்ட்ரி, ஸ்டாலின்கிராட், வோல்கோகிராட், டிரெஸ்டன், நகர அரசியலுறவு, பனிப்போர்.

1. முன்னுரை

நாடுகளுக்கிடையிலான உறவை அரசுகளே முடிவு செய்கின்றன என்பது அரசியல் வரலாற்றின் பொதுவான அடிப்படை. தூதரகங்களும் உடன்படிக்கைகளும் அவ்வுறவின் கருவிகளாகக் கொள்ளப்படுகின்றன. இருபதாம் நூற்றாண்டில் இவற்றுக்கு வெளியே நகரங்கள் தமக்குள் நேரடி உறவு கொள்ளும் வழக்கம் உருவாயிற்று. இவ்வழக்கம் விழாக்களுக்கும் வரவேற்புகளுக்கும் உரிய சடங்காகவே பல வேளைகளில் மதிப்பிடப்படுகிறது. போர்க்காலத்தில் அது தோன்றிய சூழலையும், மற்றொரு போரின்போது அது முறிந்த சூழலையும் ஒருசேர நோக்கினால் அதன் வரலாற்றுப் பொருள் வேறாகத் தெரிகிறது.

இவ்வுறவைக் குறிக்கும் சொற்கள் மொழிதோறும் வேறுபடுகின்றன. பிரித்தானிய ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் ‘இரட்டையர்’ என்னும் கருத்தும், அமெரிக்க வழக்கிலும் ஜப்பானியத்திலும் ‘சகோதரி’ என்னும் கருத்தும், ஜெர்மன் மொழியில் ‘பங்காளர்’ என்னும் கருத்தும் ஆளப்படுகின்றன. ரஷ்ய மொழியின் ‘பொப்ராதிம்’ என்னும் சொல் பிறப்பால் அமையாது, உறுதிமொழியால் உடன்பிறந்தாராக ஆனவரைக் குறிப்பது. தமிழில் சகோதர நகரம், இரட்டை நகரம், உடன்பிறப்பு நகரம் ஆகிய மூன்றும் வழங்குகின்றன. பிறப்புறவு விலக்க முடியாதது. உறுதிமொழி உறவோ காக்கப்பட வேண்டியது. இவ்வேறுபாடு இக்கட்டுரையின் இறுதிப் பகுதிக்குத் துணைசெய்யும்.

2. முன்னோடி முயற்சிகள்

நகர உறவு 1944இல் திடீரெனத் தோன்றியதன்று. முதல் உலகப்போருக்குப் பின் 1920இல் பிரித்தானிய நகரங்கள் பிரான்சின் சிதைந்த ஊர்களைத் ‘தத்தெடுக்கும்’ இயக்கம் உருவாயிற்று. யார்க்ஷயர் பகுதியின் கீத்லி நகரம் வட பிரான்சின் புவா-து-நோர் என்னும் ஊரைத் தத்தெடுத்தது இதற்கு எடுத்துக்காட்டு. அமெரிக்காவின் டொலிடோவும் ஸ்பெயினின் டொலிடோவும் 1931இல் பெயர் ஒற்றுமையை அடிப்படையாகக் கொண்டு உறவு பூண்டன.

தத்தெடுப்பு என்னும் சொல்லே அவ்வியக்கத்தின் இயல்பை உணர்த்தும். கொடுக்கும் நிலையில் ஒரு நகரமும் பெறும் நிலையில் ஓர் ஊரும் இருந்தன. இழப்பு ஒரு பக்கத்தில் மட்டுமே இருந்தது. கவென்ட்ரி – ஸ்டாலின்கிராட் உறவில் இந்நிலை மாறியது. கொடுத்த நகரமும் சிதைந்திருந்தது. தற்கால உடன்பிறப்பு நகர வரலாற்றின் தொடக்கமாக இவ்வுறவு பெரிதும் சுட்டப்படுவதற்குக் காலமுதன்மையைவிட இந்த இழப்பின் ஒப்புமையே தக்க காரணமாகும்.

3. இரு நகரங்களின் அழிவு

கவென்ட்ரி மோட்டார் வாகனங்களும் வானூர்தி எந்திரங்களும் உற்பத்தி செய்த தொழில்நகரம். 1940 நவம்பர் 14ஆம் நாள் இரவு தொடங்கிய ஜெர்மானிய வான்தாக்குதலில் 550க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். ஆயிரக்கணக்கான வீடுகள் அழிந்தன. இடைக்காலத்தைச் சேர்ந்த புனித மிக்கேல் பேராலயம் வெளிச்சுவர்களும் கோபுரமும் மட்டும் எஞ்ச எரிந்தது. பேராலயத் தலைமைக் குரு ரிச்சர்ட் ஹோவர்ட், இடிபாட்டின் பலிபீடத்துக்குப் பின்னுள்ள சுவரில் மன்னிப்பை வேண்டும் இரு சொற்களைப் பொறிக்கச் செய்தார். அவ்வாண்டுக் கிறிஸ்துமஸ் நாளில் இடிபாடுகளிலிருந்து ஒலிபரப்பான அவரது வானொலி உரை பழிவாங்கும் எண்ணத்தைக் கைவிடுமாறு கேட்டது.

ஸ்டாலின்கிராட்டின் மீது 1942 ஆகஸ்டு 23 அன்று பெரும் வான்தாக்குதல் நிகழ்ந்தது. தொடர்ந்த தெருப்போர் 1943 பிப்ரவரி 2ஆம் நாள் ஜெர்மானியப் படைகளின் சரணடைவுடன் முடிவுற்றது. நகரம் ஏறத்தாழ முழுமையாக அழிந்திருந்தது.

இரு நகரங்களையும் இணைத்தது துயர ஒப்புமை மட்டும் எனக் கொள்வது முழுமையாகாது. கவென்ட்ரி மாநகராட்சி 1937 முதல் தொழிற்கட்சியின் பொறுப்பில் இருந்தது. பொறியியல் தொழிலாளர் சங்கங்கள் அங்கு வலுவாக இயங்கின. 1942இல் மேற்கு ஐரோப்பாவில் இரண்டாம் போர்முனையைத் திறக்கவேண்டும் என்ற கோரிக்கை பிரித்தானியத் தொழிலாளர்களிடையே ஓங்கியது. சோவியத் மக்களுக்கு மருந்தும் உடையும் அனுப்ப 1941 அக்டோபரில் கிளமென்டைன் சர்ச்சில் தலைமையில் நிதி திரட்டும் இயக்கம் தொடங்கியிருந்தது. கவென்ட்ரி மக்களின் உணர்வுக்கு அமைப்பு வடிவம் தரும் சூழல் இவ்வாறு முன்னரே அமைந்திருந்தது.

4. மேசைவிரிப்பும் வாளும்

மேயர் எமிலி ஸ்மித்தின் காலத்தில் கவென்ட்ரிப் பெண்கள் 800க்கும் மேற்பட்டோர் தம் பெயர்களைப் பூத்தையலாகப் பொறித்த மேசைவிரிப்பு ஒன்றை உருவாக்கினர். பெரிய சொற்களைவிடச் சிறிய உதவி மேலானது என்னும் கருத்துடைய வாசகம் அதில் இடம்பெற்றது. ஒவ்வொருவரும் ஆறு பென்ஸ் கொடையளித்தனர். அக்கால நாணய முறையில் நாற்பது பேரின் கொடை சேர்ந்தால்தான் ஒரு பவுண்டு ஆகும். பொருளாதார நோக்கில் இது சிறுதொகை. ஆயின் கொடுத்தவர் ஒவ்வொருவரின் பெயரும் கொடையிலேயே பதிவாயிற்று என்பது கருதத்தக்கது.

இதே காலத்தில் மன்னர் ஆறாம் ஜார்ஜ் ஸ்டாலின்கிராட் மக்களுக்கு வாள் ஒன்றைப் பரிசளித்தார். 1943 நவம்பரில் தெஹ்ரான் மாநாட்டின்போது வின்ஸ்டன் சர்ச்சில் அதனை ஸ்டாலினிடம் வழங்கினார். வாளில் பொறிக்கப்பட்ட வாசகமும் நகர மக்களையே விளிக்கிறது. எனினும் வழங்கியவரும் பெற்றவரும் அரசுத் தலைவர்களே. மேசைவிரிப்பு ஒரு நகரத்தார் கையிலிருந்து மற்றொரு நகரத்தாரை நோக்கிச் சென்றது. அயலுறவுக் கொள்கையை வகுக்கும் இடங்களில் பெண்கள் ஏறத்தாழ இல்லாதிருந்த காலத்தில், வீட்டுக் கைவினையாகக் கருதப்பட்ட தையல் அயலுறவின் ஊடகமாயிற்று. வாளும் விரிப்பும் இன்று வோல்கோகிராட்டிலுள்ள ஸ்டாலின்கிராட் போர் அருங்காட்சியகத்தில் உள்ளன. அரசுறவு, நகர உறவு என்னும் இருவகை உறவுகளின் சான்றுகள் ஒரே கூரையின்கீழ் அமைந்திருப்பது ஆய்வாளர் கவனத்துக்குரியது.

இத்தொடர்புகளின் விளைவாக 1944இல், போர் முடிவதற்கு முன்பே, இரு நகரங்களும் முறைப்படி உறவு பூண்டன.

5. எதிரி நகரங்களை நோக்கி

நட்பு நாட்டின் நகரத்துடன் தொடங்கிய உறவைக் கவென்ட்ரி போருக்குப் பின் எதிரி நாட்டின் நகரங்களுக்கும் விரித்தது. 1947இல் கீல் நகரத்துடனும், 1959இல் டிரெஸ்டனுடனும் உறவு ஏற்பட்டது. டிரெஸ்டன் 1945 பிப்ரவரியில் பிரித்தானிய, அமெரிக்க வான்படைகளின் குண்டுவீச்சுக்கு உள்ளானது. ஏறத்தாழ 25,000 பேர் உயிரிழந்ததாக அந்நகரம் அமைத்த வரலாற்றாய்வாளர் குழு மதிப்பிட்டது. இங்குக் கவென்ட்ரி பாதிக்கப்பட்ட நகரமாக மட்டும் நிற்கவில்லை. தாக்கிய நாட்டின் நகரமாகவும் நின்றது.

டிரெஸ்டன் அப்போது கிழக்கு ஜெர்மனியில் இருந்தது. பிரித்தானிய அரசு கிழக்கு ஜெர்மனியை 1973இல்தான் அங்கீகரித்தது. அரசு ஏற்காத ஒரு நாட்டின் நகரத்துடன் பதினான்கு ஆண்டுகளுக்கு முன்பே ஒரு மாநகராட்சி உறவு கொண்டிருந்தது. 1965இல் கவென்ட்ரிப் பேராலயத்தின் முன்முயற்சியால் பிரித்தானிய இளைஞர்கள் டிரெஸ்டன் சென்று, குண்டுவீச்சில் சிதைந்த மருத்துவமனை ஒன்றின் மறுகட்டுமானப் பணியில் ஈடுபட்டனர். பின்னாளில் டிரெஸ்டனின் அன்னை ஆலயம் மீளக் கட்டப்பட்டபோது, அதன் குவிமாடச் சிலுவையைப் பிரித்தானியக் கொடையாளர்கள் வழங்கினர். அதனை வடித்த பொற்கொல்லரின் தந்தை டிரெஸ்டன் தாக்குதலில் பங்கேற்ற விமானி.

நகர உறவின் தடயங்கள் கவென்ட்ரியின் நிலவமைப்பிலும் பதிந்துள்ளன. பெல்கிரேடு நகரம் அளித்த மரங்களைக் கொண்டு அமைக்கப்பட்டு 1958இல் திறக்கப்பட்ட நகராட்சி அரங்கம் ‘பெல்கிரேடு அரங்கம்’ எனப் பெயர் பெற்றது. வட்டச்சாலைப் பாலத்தின் கீழமைந்த ஓரிடம் வோல்கோகிராட்டின் பெயரைத் தாங்குகிறது.

ஸ்டாலின்கிராட் 1961இல் வோல்கோகிராட் எனப் பெயர் மாற்றம் பெற்றது. அந்நகரமும் தன் உறவுகளை விரித்தது. 1960களில் சென்னையுடனும், 1972இல் ஹிரோஷிமாவுடனும், 1988இல் மேற்கு ஜெர்மனியின் கொலோனுடனும் அது இணைந்தது. போரில் அழிந்த நகரம் என்னும் அடையாளமே ஹிரோஷிமாவுடனான இணைப்புக்கு அடிப்படை. சென்னையுடனான இணைப்பு இந்திய – சோவியத் நட்புறவின் காலத்தைச் சார்ந்தது. ஒரே நகரம் ஒருபுறம் நினைவின் வழியாகவும் மறுபுறம் அரசுகளின் நட்பு வழியாகவும் உறவு கொண்டது இதனால் புலனாகிறது.

6. இடைநிறுத்தம்

2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைன் மீது முழு அளவிலான படையெடுப்பைத் தொடங்கியது. அவ்வாண்டிலேயே கவென்ட்ரி மாநகராட்சி வோல்கோகிராட்டுடனான உறவை இடைநிறுத்தியது. பனிப்போரின் நெருக்கடிகளைக் கடந்த உறவு முக்கால் நூற்றாண்டுக்குப் பின் இவ்வாறு நின்றது.

ஒப்பிடத்தக்க நிகழ்வுகள் அண்மைக் காலத்தில் வேறும் உண்டு. 1957 முதல் நிலவிய ஒசாகா – சான் பிரான்சிஸ்கோ உறவை 2018இல் ஒசாகா மேயர் முறித்தார். ஜப்பானியப் படையின் பாலியல் அடிமைமுறைக்கு ஆளான பெண்களுக்கான நினைவுச்சிலையைச் சான் பிரான்சிஸ்கோ நகரம் ஏற்றதே காரணம். 2019இல் பிராக் – பெய்ஜிங் உறவு முறிந்தது. ஒப்பந்தத்தில் இடம்பெற்றிருந்த ‘ஒரே சீனா’ குறித்த விதியைப் பிராக் ஏற்க மறுத்தமை அதன் பின்னணி. அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் பிராக் தைபேயுடன் இணைந்தது. முன்னதில் கடந்தகாலப் போரின் நினைவும், பின்னதில் அரசின் இறையாண்மைக் கோரிக்கையும் நகர உறவினுள் நுழைந்தன. கவென்ட்ரியில் நிகழ்காலப் போரே நுழைந்தது.

கவென்ட்ரியின் முடிவு, எதிரியையும் மன்னிக்கும் அந்நகரத்தின் மரபுக்கு முரணானதா என்னும் வினா இங்கு எழுகிறது. முரணே என்பதற்கு வலுவான காரணம் உண்டு. அரசின் செயலுக்கு நகர மக்களைப் பொறுப்பாக்காமையே டிரெஸ்டன் உறவின் அடிப்படை. அவ்வளவுகோலை வோல்கோகிராட் மக்களுக்கு மறுப்பது நேர்மையாகாது என்று வாதிடலாம்.

எனினும் காலவரிசை வேறொன்றைக் காட்டுகிறது. ஹோவர்ட் மன்னிப்பை வேண்டியது 1940இல்; ஜெர்மானிய நகரம் ஒன்றுடன் கவென்ட்ரி உறவு பூண்டது போர் முடிந்த பின்னர், 1947இல். மன்னிக்கும் மனநிலை போரினிடையே வெளிப்பட்டது. நகராட்சிகளின் முறையான பிணைப்போ குண்டுவீச்சு ஓய்ந்த பின்னரே இயன்றது. மேலும், 1944ஆம் ஆண்டின் உறவு நகரங்கள் மீதான தாக்குதலுக்கு ஆளான மக்களின் பக்கம் நின்று உருவானது. நகரங்கள் மீண்டும் குண்டுவீச்சுக்கு உள்ளாகும்போது தாக்கும் நாட்டின் நகராட்சியுடன் விழா உறவைத் தொடர்வது அத்தோற்றத்துடன் எளிதில் பொருந்தாது. முறித்தலுக்கும் இடைநிறுத்தலுக்கும் உள்ள வேறுபாடும் இங்கு முதன்மை பெறுகிறது. உறுதிமொழியால் அமைந்த உறவு திரும்ப எடுத்துக்கொள்ளத்தக்கது. இடைநிறுத்தம் அவ்வாய்ப்பை மூடிவிடவில்லை.

7. மூன்று அடுக்குகள்

மேற்கண்ட வரலாற்றிலிருந்து நகர உறவின் மூன்று அடுக்குகளைப் பிரித்தறியலாம். முதலாவது, விரிப்பு, மரம், சிலுவை முதலிய கொடைப்பொருள்களின் அடுக்கு. இரண்டாவது, மாநகராட்சிகள் கையெழுத்திடும் ஒப்பந்தத்தின் அடுக்கு. மூன்றாவது, தன்னார்வலர், மாணவர், சங்கங்கள் ஆகியோரின் தொடர்பு அடுக்கு. இடைநிறுத்தத் தீர்மானம் நேரடியாக ஆள்வது இரண்டாம் அடுக்கையே. மூன்றாம் அடுக்கு பயணம், நுழைவிசைவு, பணப்பரிமாற்றம் ஆகியவற்றைச் சார்ந்திருப்பதால் போர்க்காலத்தில் மறைமுகமாக நலிவடைகிறது. முதல் அடுக்கே நீடித்து நிற்பது.

இந்நோக்கு தமிழகச் சூழலுக்கும் பயன்படும். சென்னை 1984இல் டென்வருடனும், 2008இல் சான் அன்டோனியோவுடனும் இணைந்தது. 2015இல் இந்தியப் பிரதமரின் சீனப் பயணத்தின்போது சோங்சிங்குடன் உறவு ஏற்பட்டது. சோங்சிங்குடனான உறவில் அரசுகளின் சந்திப்பு முன்னும் நகரங்களின் தொடர்பு பின்னுமாக அமைந்தன. கவென்ட்ரியில் இவ்வரிசை நேர்மாறானது. ஒப்பந்த அடுக்கிலிருந்து தொடங்கும் உறவுகள் ஏனைய இரு அடுக்குகளை எந்த அளவுக்கு உருவாக்கியுள்ளன என்பது தனித்து ஆராயத்தக்கது.

8. முடிவுரை

கவென்ட்ரி – வோல்கோகிராட் உறவு, நகரங்கள் அரசுகளுக்கு முன்னே செல்லவும் கூடும், அரசுகளின் பகையால் நிறுத்தப்படவும் கூடும் என்பதை ஒருங்கே காட்டுகிறது. இழப்பின் ஒப்புமையில் பிறந்த இவ்வுறவு, எதிரி நகரங்களையும் உள்ளடக்கி விரிந்து, பனிப்போரைக் கடந்து, ஒரு புதிய போரில் இடைநின்றது. ஒப்பந்தத்தின் நிலையை மட்டும் கொண்டு அதன் வரலாறு முடிவுற்றதாகக் கொள்ள இயலாது. 800க்கும் மேற்பட்ட கவென்ட்ரிப் பெண்களின் பெயர்கள் பொறித்த விரிப்பு வோல்கோகிராட்டிலேயே உள்ளது. அவ்வுறவு புதுப்பிக்கப்படுமாயின் அதற்கான முதற்சான்று அதுவாகவே இருக்கும்.