பொடி பறக்கிற மூன்று விநாடி

ஸ்டாண்ட் மிக்ஸர் வைத்திருக்கிற யாருக்கும் அந்த மூன்று விநாடி பழக்கம்தான். வெண்ணெயும் சர்க்கரையும் பொங்கி வெளுத்து வந்திருக்கும். சலித்து வைத்த மைதாவைக் கிண்ணத்தில் கொட்டி ஸ்விட்சைத் திருப்புவோம். குபுக்கென்று ஒரு வெள்ளைப் புகை எழும்பி மேடை, சட்டை, மூக்குக்கண்ணாடி, மூக்கு என்று எல்லா இடத்திலும் போய் உட்காரும். அதற்குப் பிறகு மெஷின் ஒன்றுமே நடக்காத மாதிரி சமத்தாகச் சுற்றிக்கொண்டிருக்கும்.

நான் தண்டலத்தில் ஒரு வாடகை வீட்டில் ஆர்டருக்குக் கேக் செய்கிறேன். பூந்தமல்லியிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் போகிற பெங்களூர் நெடுஞ்சாலையில் இருக்கிற ஊர். என்னிடம் பிறந்தநாள் கேக் வாங்குகிறவர்களில் பாதிப் பேர் இந்தப் பக்கத்துத் தொழிற்சாலைகளில் ஷிஃப்ட் பார்க்கிறவர்கள். டயர் கம்பெனியில் வேலை செய்கிற ஒரு தம்பி, கேக்குக்குக் காத்திருந்த நேரத்தில் என் மிக்ஸரையே பார்த்துக்கொண்டிருந்தார். "எங்க ப்ளான்ட்லயும் உங்க மெஷின்தான்க்கா இருக்கு. மைதாவுக்குப் பதிலா கார்பன், முட்டைக்குப் பதிலா ஆயில். பேரு பான்பரி" என்றார். விளையாட்டுக்குச் சொன்னார் என்று நினைத்தேன். தேடிப் படித்தபோதுதான் தெரிந்தது, அது உண்மையிலேயே ஒரே குடும்பம். பொடியைக் கலவையில் சேர்ப்பது எப்படி என்ற ஒரே கேள்விக்கு அடுக்களையும் தொழிற்சாலையும் தேடிய பதில்கள் ஒன்றோடொன்று உறவு கொண்டவை.

முதலில் பொடி ஏன் பறக்கிறது என்று பார்த்துவிடலாம். ஒரு கப் மைதாவில் பாதிக்கு மேல் காற்று. அதை உயரத்திலிருந்து கொட்டினால் விழுகிற வழியில் இன்னும் கொஞ்சம் காற்றை இழுத்துக்கொண்டு இறங்கும். கிண்ணத்துக்குள் ஏற்கெனவே இருந்த காற்றுக்கு இடம் போய்விடுவதால் அது வெளியே வந்தாக வேண்டும். வரும்போது இருப்பதிலேயே நைசான துகள்களைத் தூக்கிக்கொண்டு வரும். அந்த நேரத்தில் துடுப்பும் சுற்றினால் அது விசிறி. உயரம், காற்று, வேகம் இந்த மூன்றும்தான் குற்றவாளிகள்.

நம் ஊர்க்காரர்கள் இதற்குக் கண்டுபிடித்த பதில் ஈரம். அதிரசத்துக்கு அரிசியை ஊறவைத்து, வடித்து, நிழலில் ஈரம் காயாமல் உலர்த்தித்தான் இடிப்பார்கள். ஈரமாவு பறக்காது. புட்டு மாவில் தண்ணீர் தெளித்துப் பிசிறுவார்கள். இட்லிக்கோ கேள்வியே இல்லை, ஆட்டுக்கல்லில் தூசி என்ற பேச்சுக்கே இடம் கிடையாது. 1955இல் கோவையில் சபாபதி அந்த ஆட்டுக்கல்லை மோட்டாரோடு சேர்த்து வெட் கிரைண்டர் ஆக்கியபோது, அரைக்கிற கஷ்டத்தைத்தான் தீர்க்க வேண்டியிருந்தது. தூசிக் கஷ்டம் அந்தச் சமையலில் முதலிலிருந்தே இல்லை. மேல்நாட்டு மிக்ஸர் காய்ந்த மாவில் ஆரம்பிக்கிறது, நம் கிரைண்டர் ஊறிய அரிசியில் ஆரம்பிக்கிறது. இரண்டும் இரண்டு உலகம்.

காய்ந்ததையே அரைத்தாக வேண்டிய இடத்தில் நம்மிடம் வேறு பதில் இருந்தது. மாவு மில்லுக்குப் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். மாவு வருகிற வாயில் ஒரு நீளமான துணிக்குழாய் கட்டியிருக்கும். அதன் மறுமுனை தகர டின்னுக்குள் இறங்கும். மில் ஓடும்போது துணி உப்பி உப்பித் தணியும். காற்று துணி வழியாக வெளியே போகும், மாவு உள்ளேயே நிற்கும். பெரிய தொழிற்சாலைகளின் பை வடிகட்டியும் இதே தத்துவம்தான். மில்காரர் அதற்குப் பெயர் எதுவும் வைக்கவில்லை, வேட்டித் துணியைத் தைத்துக் கட்டினார், அவ்வளவுதான்.

பறக்கிற மாவை மேசை அழுக்காவதோடு நிறுத்திப் பார்க்க முடியாது. 1700இல் இத்தாலிய மருத்துவர் பெர்னார்தினோ ராமஸ்ஸினி தொழிலாளர்களின் நோய்களைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். தொழில்வழி நோய்களுக்கென்றே எழுதப்பட்ட முன்னோடி நூல் அது. மாவு சலிக்கிறவர்களுக்கும் ரொட்டி சுடுகிறவர்களுக்கும் இருமலும் மூச்சிரைப்பும் வருவதை அதில் பதிவு செய்திருக்கிறார். இன்றைக்கும் மருத்துவத்தில் 'பேக்கர் ஆஸ்துமா' என்று தனிப் பெயரே இருக்கிறது.

1785 டிசம்பர் 14, டூரின் நகரத்தில் ஒரு ரொட்டிக்கடைக் கிடங்கு வெடித்தது. மாவு அள்ளிக்கொண்டிருந்த ஒரு பையன், மேலிருந்து சரிந்த மாவு, பக்கத்தில் எரிந்த விளக்கு. இதை விசாரித்து எழுதிய மொரோஸ்ஸோ பிரபு ஒரு காரணத்தைக் கவனமாகக் குறித்து வைத்தார். பல மாதங்களாக அந்தப் பக்கம் மழையே இல்லை, மாவு வழக்கத்தைவிடக் காய்ந்திருந்தது. மறுபடியும் ஈரம்தான் கணக்கு.

சரி, கலக்குகிற மெஷினுக்கு வருவோம். பிசைகிற இயந்திரம் புதிதில்லை. ரோமில் யூரிஸாசெஸ் என்ற ரொட்டிக்காரரின் கல்லறை இருக்கிறது, இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தையது. அதன் சிற்பத்தில் ஒரு விலங்கு சுற்றிச் சுற்றி வந்து மாவுத் தொட்டியை இயக்குகிறது. ஆனால் இன்று நாம் வைத்திருக்கிற ஸ்டாண்ட் மிக்ஸரின் நேர் மூதாதை 1908இல் ஆரம்பிக்கிறது. ஒஹையோவின் ஹோபார்ட் கம்பெனியில் பொறியாளராக இருந்த ஹெர்பர்ட் ஜான்ஸ்டன், ஒரு பேக்கர் இரும்புக் கரண்டியால் மாவைக் கிளறிக் கஷ்டப்படுவதைப் பார்த்து இந்த வேலையில் இறங்கினார் என்பார்கள். பெரிய மெஷின் முதலில் பேக்கரிகளுக்கும் அமெரிக்கக் கப்பற்படைக்கும் போனது. 1919இல் வீட்டுக்கான கிச்சன்எய்ட் வந்தது. எடை சுமார் 30 கிலோ!

ஜான்ஸ்டனின் புத்திசாலித்தனம் துடுப்பு சுற்றுகிற விதத்தில் இருந்தது. அது தன்னைத்தானே ஒரு பக்கம் சுற்றிக்கொண்டே கிண்ணத்தை எதிர்ப்பக்கமாகச் சுற்றிவரும், கிரகம் மாதிரி. கிண்ணம் அசையாது. இதனால் கலவை அருமையாக வந்தது. ஆனால் வாய் திறந்தே இருந்தது. மாவு சேர்க்க வசதி வேண்டும், எட்டிப் பார்க்க வேண்டும், வழித்துவிட வேண்டும். அந்த வசதிக்கு நாம் கொடுக்கிற விலைதான் அந்த மூன்று விநாடி. பிற்பாடு வந்த பிளாஸ்டிக் மூடியும் அதன் சரிவு வாயும் அந்த விலையைக் குறைக்கிற முயற்சி.

இதே பிரச்சினை ரப்பரில் பத்து மடங்கு மோசமாக இருந்தது. தாமஸ் ஹான்காக் 1820இல் லண்டனில் ரப்பர் துண்டுகளை மென்று பிசைகிற ஒரு மெஷின் செய்தார். ரகசியம் வெளியே போகக்கூடாது என்று அதற்கு 'ஊறுகாய்' என்று பெயர் வைத்தார். 1836இல் அமெரிக்காவில் எட்வின் சாஃபி இரண்டு உருளைகளுக்கு நடுவில் ரப்பரை நசுக்குகிற மில்லுக்குக் காப்புரிமை வாங்கினார். உருளைகள் திறந்த வெளியில் சுற்றும். ரப்பர் ஒரு உருளையில் போர்வையாய்ச் சுற்றிக்கொள்ளும். ஒரு ஆள் முன்னால் நின்று பொடிகளைக் கையால் தூவித் தூவி உள்ளே விடுவார்.

ஆரம்பத்தில் பொடி வெள்ளை, துத்தநாக ஆக்ஸைடு. அந்தக் காலத்து டயர்கள் வெளுப்பாக இருந்ததற்கு அதுதான் காரணம். 1904இல் லண்டன் சில்வர்டவுனில் எஸ்.சி. மோட் என்பவர் கார்பன் பிளாக் சேர்த்தால் ரப்பர் உறுதியாகிறது என்று கண்டுபிடித்தார். அவர் வேலை செய்த கம்பெனியின் பெயரிலேயே 'இந்தியா ரப்பர்' இருந்தது. 1910களில் டயர் கறுக்க ஆரம்பித்தது. நூறு பங்கு ரப்பருக்குக் கிட்டத்தட்ட ஐம்பது பங்கு கரி. கார்பன் பிளாக்கின் அடிப்படைத் துகள் மைதாத் துகளைவிட ஏறக்குறைய ஆயிரம் மடங்கு சிறியது. அந்தப் புகைக்கரியைத் திறந்த மில்லில் கையால் தூவினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். மைதாப் புகையை ஈரத்துணியால் துடைத்துவிடலாம். இது தோலுக்குள், துணிக்குள், மூச்சுக்குள் போகும்.

இங்கேதான் பேக்கரி உள்ளே வருகிறது. ஜெர்மனியின் வெர்னர் & ஃப்ளைடரர் ரொட்டிமாவு பிசைகிற மெஷின்களுக்குப் பெயர் போன கம்பெனி. அதே பிசைவானை ரப்பருக்கும் விற்றார்கள். அந்தக் கம்பெனியின் அமெரிக்கக் கிளையில் வேலை பார்த்த ஃபெர்ன்லி பான்பரி, அதைவிட்டு கனெக்டிகட்டில் ஒரு இரும்பு வார்ப்படக் கம்பெனிக்குப் போய், 1916இல் தன் மெஷினைக் கொண்டுவந்தார். மூடிய அறை, உள்ளே இரண்டு முறுக்குத் துடுப்புகள், மேலே பொருள் போடுகிற வாய். போட்டு முடித்ததும் அந்த வாய் வழியாக ஒரு கனமான இரும்பு எடை இறங்கி எல்லாவற்றையும் துடுப்புகளுக்குள் அழுத்தும். அந்த எடையே மூடி. தம்பி சொன்னது சரிதான், ரொட்டிமாவு மெஷினின் வாரிசுதான் பான்பரி.

திறந்த மில்லில் அரை மணிக்கு மேல் பிடித்த கலவை சில நிமிடங்களில் முடிந்தது, ஆளும் குறைந்தது. முதலாளிகள் அதற்குத்தான் வாங்கினார்கள். தொழிலாளியின் மூச்சு அதில் கூடவே கிடைத்த லாபம்.

மூடி வந்த பிறகும் மூன்று விநாடி போகவில்லை. எடை இறங்கும்போது அறைக்குள் இருந்த காற்று கரியோடு வாய் வழியாக வெளியே சீறும். அதற்கு உறிஞ்சுகுழாய் வைத்தார்கள். 1920களின் கடைசியிலிருந்து கார்பன் பிளாக்கையே சின்னச் சின்ன மணிகளாக உருட்ட ஆரம்பித்தார்கள், ரவை மாதிரி. ரவை பறக்காது இல்லையா, அந்த யோசனைதான். வரிசையையும் மாற்றிப் பார்த்தார்கள். முதலில் பொடி, அதன் தலைமேல் ரப்பர். இதற்குத் 'தலைகீழ்க் கலவை' என்று பெயர். இருப்பதிலேயே எனக்குப் பிடித்தது பை. சின்னச் சின்ன ரசாயனப் பொடிகளைக் குறைந்த வெப்பத்தில் உருகுகிற பையில் எடைபோட்டுக் கட்டி, பிரிக்காமல் பையோடு உள்ளே போடுவார்கள். பை உருகி ரப்பரோடு ரப்பராகிவிடும். பொடியைக் கொட்டுகிற வேலையே இல்லை!

இந்தச் சரித்திரம் இப்போது என் வீட்டைச் சுற்றி நடக்கிறது. ஒரகடத்தில் 2010இல் அப்போலோ டயர்ஸ் வந்தது, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஜே.கே. டயரும் 2020இல் சியட்டும் வந்தன. பெரிய ஆலைகளில் கார்பன் பிளாக் குழாய் வழியாக வந்து தானாக எடை போட்டுக்கொள்ளும். ஆனால் கார்களுக்கு வாஷரும் புஷ்ஷும் செய்கிற சின்ன ரப்பர் பட்டறை எல்லாத் தொழில் ஊரிலும் உண்டு. அங்கே சாஃபியின் திறந்த மில்லும் கையால் தூவுகிற ஆளும் இன்னும் ஓய்வு பெறவில்லை. ரப்பர் தொழிலில் வேலை செய்வதையே புற்றுநோய் உண்டாக்குகிறவற்றின் முதல் பிரிவில் உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு முகமை வைத்திருக்கிறது. அதற்குக் கரி மட்டும் காரணம் இல்லை, பல ரசாயனங்கள் சேர்ந்த கணக்கு அது. கார்பன் பிளாக் தனியாக 'உண்டாக்கக்கூடும்' என்கிற பட்டியலில் இருக்கிறது.

2025 வரை அமலில் இருந்த 1948ஆம் வருடத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 14ஆம் பிரிவு தூசியைப் பற்றியது. உறிஞ்சுகருவி வைக்க வேண்டியிருந்தால் தூசி பிறக்கிற இடத்துக்கு முடிந்தவரை பக்கத்தில் வைக்கச் சொன்னது. நல்ல வாக்கியம். ஆனால் மின்சாரத்தில் ஓடுகிற இடத்தில் பொதுவாகப் பத்துப் பேராவது வேலை செய்தால்தான் அந்தச் சட்டத்துக்கு அது தொழிற்சாலையாக இருந்தது. ஆறு பேர் பட்டறையில் அந்த வாக்கியத்துக்குப் பதிலாக ஒரு துணி மாஸ்க் கொடுப்பார்கள். மாஸ்க் தூசியை மூக்கு வாசலில் நிறுத்தப் பார்க்கிறது. ஈரம், மூடி, வரிசை, பை எல்லாம் பொடியின் வாயிலேயே நிறுத்துகின்றன. மூக்கு வாசல் கடைசிக் காவல். அதை முதல் காவலாக்கினால் செலவு முதலாளிக்குக் குறையும், ஆளுக்குக் கூடும்.

வீட்டில் இந்தக் கணக்கு ரொம்ப எளிது. கலக்குகிறவரும் மூச்சு விடுகிறவரும் ஒரே ஆள், அதனால் வழி உடனே கிடைத்துவிடுகிறது. மெஷினை நிறுத்தி, மைதாவை மூன்று பங்காக, கிண்ணத்தின் ஓரமாக, தாழ்வாக வைத்துச் சரியுங்கள். ஒவ்வொரு பங்குக்கு நடுவிலும் கொஞ்சம் பால். நனைத்துப் பிழிந்த துண்டைக் கிண்ணத்தின் வாயிலிருந்து மெஷின் தலைவரை சுற்றிப் போர்த்துங்கள், துடுப்பில் சிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். இருப்பதிலேயே மெதுவான வேகத்தில் ஓட்டுங்கள், வெள்ளை மறைந்த பிறகு துண்டை எடுங்கள். சில கேக்குகளுக்கு நான் தலைகீழ் முறையிலேயே போகிறேன். மைதாவையும் சர்க்கரையையும் முதலில் போட்டு அதில் மெத்தென்ற வெண்ணெயைச் சேர்த்தால், மாவு வெண்ணெயில் பிசிறிக்கொண்டு ஈரமணல் மாதிரி ஆகிவிடும். பால், முட்டை எல்லாம் அப்புறம்.

துண்டின் விலை நாற்பது ரூபாய். திறந்த மில்லுக்கு மேலே ஒரு உறிஞ்சுகூண்டு வைக்க அதைவிட நிறைய ஆகும். அந்தச் செலவை யார் செய்வது என்று கேட்காத வரைக்கும், அந்த மூன்று விநாடியை யாராவது ஒருவர் எட்டு மணி நேர ஷிஃப்டாக நின்று வாங்கிக்கொண்டிருப்பார்.