தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு வெள்ளமும் நாமும்

கொச்சியில் பல்லாண்டுகளாக வாழும் தமிழன்பர்கள், மலையாள முதியோர் "தொண்ணூற்றொன்பதிலே வெள்ளப்பொக்கம்" என்று சொல்லக் கேட்டிருப்பார்கள். கொல்லம் ஆண்டு 1099, கர்க்கடக மாதத்தில், அதாவது 1924 ஜூலையில், நேர்ந்த பெருவெள்ளமே அது. ஏறத்தாழ மூன்று வாரகாலம் மழை பொழிந்தது; பெரியாறு கரை கடந்தது. கடல் மட்டத்திற்குச் சுமார் 1,500 மீட்டர் மேலேயுள்ள மூணாறே மூழ்கிற்று என்றால், தாழ்நிலங்களின் கதியைச் சொல்லவும் வேண்டுமோ! மூணாற்றுத் தேயிலையைச் சுமந்து சென்ற குண்டளைப் பள்ளத்தாக்கு இரயில் பாதை அவ்வெள்ளத்தில் அழிந்தது. அது மீண்டும் போடப்படவேயில்லை. இரயில்வே ஊழியனாதலால் இச்செய்தியில் என் மனம் சற்று அதிகமாகவே நின்றுவிடுகிறது.

அதே ஜூலையில் காவிரியிலும் பெருவெள்ளம் புரண்டது. மேட்டூர் அணை அப்போது இல்லை. அதன் பணி 1925-ல் தொடங்கி 1934-ல்தான் முடிந்தது. ஒரே பருவமழையால் மலைத்தொடரின் இருபுறத்து மக்களும் ஒருங்கே துன்புற்றார்கள் என்பதை நம்மவரில் பலர் நினைத்துப் பார்ப்பதில்லை.

அவ்வாண்டு மகாத்மா காந்தி தம்முடைய 'யங் இந்தியா', 'நவஜீவன்' பத்திரிகைகளின் வாயிலாக மலபார் வெள்ள நிவாரணத்திற்கு நிதி வேண்டினார். மலபாரைக் கண்ணால் கண்டிராத பெண்கள் நகைகளைக் கழற்றிக் கொடுத்தனர். சிலர் ஒருவேளை உணவை, சிலர் பாலை விடுத்து, அதில் மிஞ்சியதைத் தந்தனர். சிறுமி ஒருத்தி மூன்று பைசாவைத் திருடிக் கொணர்ந்து சேர்த்ததையும் அவர் மறைக்காமல் எழுதினார். சேர்ந்த தொகை 6,994 ரூபாய், 13 அணா, 3 பைசா. இன்றைய கண்ணுக்கு இது சிறு தொகையே. ஆயினும் கடைசி மூன்று பைசா வரை கணக்கு எழுதி வெளியிட்டார்களே, அதுதான் குமாஸ்தாவாகிய என்னைக் கவர்கிறது. இரக்கம் எவர்க்கும் வரும். பொதுப்பணத்திற்குக் கணக்கு வைக்கும் பொறுமை எல்லார்க்கும் வருவதில்லை.

நிற்க. உதவி எப்பொழுதும் நம் பக்கத்திலிருந்தே சென்றதெனக் கருத வேண்டா. 1964 டிசம்பர் 22 இரவில் எழுந்த புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பாம்பனிலிருந்து சென்ற பயணிகள் வண்டியைக் கடல் கொண்டது. நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். பாம்பன் பாலமும் சிதைந்தது. இராமேசுவரத் தீவினர்க்கு அப்பாலமே கரைக்கு வழி. அதைச் செப்பனிடும் பொறுப்பு பாலக்காட்டு மாவட்டத்தில் பிறந்த இளம் பொறியாளர் ஒருவரிடம் வந்தது. மூன்று மாதத்தில் முடிக்குமாறு கொடுத்த வேலையை அவர் 46 நாளில் முடித்தார். ஈ. ஸ்ரீதரன் என்னும் அவர் பெயரை இன்று அறியாதார் யார்? வைட்டிலாச் சந்திப்பில் நம் தலைக்கு மேல் ஓடும் மெட்ரோ இரயில், அவர் முதன்மை ஆலோசகராக இருந்த டெல்லி மெட்ரோ நிறுவனத்தின் பொறுப்பில் எழுந்ததுதான்.

பின்னர் 2018 ஆகஸ்டு வந்தது. முதியோர் சொல்லிவந்த கதையை நாமே கண்ணால் கண்டோம். நெடும்பாசேரி விமான நிலையம் 15-ஆம் தேதி மூடப்பட்டு 29-ஆம் தேதிதான் திறந்தது. கடற்கரை மீனவர்கள் தம் படகுகளை லாரிகளில் ஏற்றிக்கொண்டு செங்கன்னூர், ஆலுவா, பறவூர்ப் பக்கங்களுக்கு விரைந்தனர். அரசின் கணக்குப்படி 669 படகுகள். அவற்றால் மீண்டோர் 65,000 பேர். அரசு கொடுக்க முன்வந்த கூலியை வேண்டாமென்ற மீனவரும் உண்டு. அந்த ஆகஸ்டிலேயே முல்லைப் பெரியாறு அணையின் நீர்மட்டம் பற்றி இரு மாநிலங்களும் உச்ச நீதிமன்றத்தில் வழக்காடிக்கொண்டிருந்தன. வழக்கு ஒருபுறம் நடக்க, அரிசியும் துணியும் ஏற்றிய லாரிகள் வாளையாற்றைக் கடந்துகொண்டிருந்தன. தமிழக அரசு ஐந்து கோடி ரூபாயும், மேலும் ஐந்து கோடியும் அளித்தது. ஊரெங்கும் வெள்ளம், குடிக்கத் தண்ணீர் இல்லை. ஈரோட்டிலிருந்து இரயில் வாகன்களில் குடிநீர் வந்தது. இதில் என் இலாகாவிற்குப் பங்குண்டு என்று பெருமை கொண்டேன், அன்பர்கள் பொறுத்தருள்க.

ஆயினும் ஒரு வினா எஞ்சியுள்ளது. வெள்ளம் வடிந்தபின் எந்த உதவிக்கும் பட்டியல் வேண்டும். வாடகை வீட்டில் குடியிருந்து, ரேஷன் அட்டையைச் சொந்த ஊரிலேயே விட்டுவந்த தமிழ்க் குடும்பத்தை எந்தப் பட்டியலில் தேடுவது? சங்கங்கள் இதை மழைக்கு முன்பே கேட்டுக்கொள்ளல் வேண்டும். நம்முடைய பதிவேட்டில் உறுப்பினர் பெயரும் சந்தாவும் மட்டும் இருந்தால் போதாது. வீடு எங்கே, மாடி உண்டா, நடக்க இயலாத முதியவர் எத்தனை பேர், கைக்குழந்தை உண்டா, அருகில் உதவக்கூடிய அயலார் யார் என்பனவும் அதில் ஏற வேண்டும். அயலார் மலையாளியாயினும், வங்காளத்திலிருந்து வந்த தொழிலாளியாயினும் அவர் வீட்டு விவரத்தையும் சேர்த்தே எழுதுதல் நலம். இவ்வேலைக்கு நோட்டுப் புத்தகம் ஒன்றும், நான்கு ஞாயிற்றுக்கிழமைகளும், வீடு வீடாகச் செல்லச் சில இளைஞரும் இருந்தால் போதும். எழுதித் தர நான் ஆயத்தமாயிருக்கிறேன்.